கார் மேல் ஏறி வந்த உன் படகு

என் செல்ல அண்ணனுக்கு,

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் படகு உன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. உன் மகள் தீபா நன்றாக இருக்கிறாள். அண்ணி இப்போதெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறார். இனி நான் நிதானமாக எழுதலாம்.

சித்திரையில் நீ போனதிலிருந்து எங்களுக்கு ஒரே கவலைதான். குன்றத்தூர் தாண்டிப் பள்ளத்தில் இருக்கும் உன் தெருவில் மறுபடி வெள்ளம் வந்தால் தீபாவை யார் தூக்குவது? நடக்க முடியாத பெண்ணைத் தோளில் சுமந்துகொண்டு மார்பளவுத் தண்ணீரில் நடந்தாயே, அதற்கு அப்புறம்தானே அந்தச் சின்ன ஃபைபர் படகை வாங்கினாய்? அடியில் விரிசல் விட்டதும், ஒட்டுவதற்காக எங்கள் பென்னலூர் வீட்டுக்குக் கொண்டுவந்தாய். ஒட்டியும் முடித்தாய். திருப்பி எடுத்துப் போவதற்குள் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது.

எங்கள் வீட்டுக்கே வந்துவிடச் சொல்லி அண்ணியை எத்தனை முறை கூப்பிட்டிருப்பேன்! அவர் அசையவில்லை. "வீல்சேர் ஏறுற சரிவு, பாத்ரூம்ல கைப்பிடி, எல்லாம் உங்கண்ணன் போட்டுக் குடுத்தது இங்கதான கீது? வேற எங்க போனாலும் என் பொண்ணு ஒவ்வொண்ணுத்துக்கும் ஆளக் கூப்புடணும்மா" என்றார். சரி, படகையாவது அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்று முடிவு செய்தோம்.

ஐப்பசி பிறந்ததும் பலத்த மழை என்று அறிவித்துவிட்டார்கள். படகை ஏற்ற ஒரு குட்டியானை லோடு வண்டிக்காக அலைந்தோம். எல்லா வண்டிகளும் பள்ளத்து வீடுகளின் சாமான்களை மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தன. கடைசியில், ஒரகடம் கார் கம்பெனியில் உன் மச்சானோடு, அதுதான் என் வீட்டுக்காரரோடு, கதவு மாட்டும் லைனில் நிற்கும் ஜோசப், தன் குட்டிக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். காரைவிடப் படகு நீளம்.

கூரைமேல் பழைய மெத்தையைப் போட்டு, படகைக் கவிழ்த்து வைத்து, கயிற்றை ஜன்னல் வழியாக உள்ளே விட்டு வெளியே எடுத்துச் சுற்றிச் சுற்றிக் கட்டினார்கள். நான் குவாலிட்டியில் வேலை பார்ப்பவள் ஆயிற்றே, சும்மா இருப்பேனா? ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்து, கம்பெனியில் முடுக்கிய போல்ட்டுக்கு வைப்பதுபோல மார்க்கரால் மஞ்சள் கோடு வைத்தேன்; தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். எல்லாம் ஓகே. கிளம்பலாம் என்று ஜோசப் கதவை இழுத்தார். திறக்கவில்லை. அந்தப் பக்கக் கதவும் திறக்கவில்லை. மூடிய கதவுகளோடு சேர்த்தல்லவா கட்டியிருக்கிறோம்!

"நாள் பூரா டோர்தான் மாட்டிக்கினுகீறோம். கடைசில டோரயே இழுத்துக் கட்டிட்டமேடா சேகரு!" என்று ஜோசப் தலையில் கைவைத்தார்.

"இன்ஸ்பெக்சன் மேடமே ஓகே பண்ட்டாங்க, நான் இன்னா பண்றது?" என்று உன் மச்சான் பழியை என் தலையில் கட்டினார்.

தூறல் ஆரம்பித்துவிட்டது. அவிழ்த்துக் கட்டப் பொறுமையில்லாமல் ஜன்னல் வழியாகவே உள்ளே இறங்கினோம். ஜோசப்பின் தொப்பையை நாங்கள் திணித்த அழகைப் பார்த்திருந்தால் உனக்குப் புரையேறியிருக்கும்.

ரோட்டில் நான் சிரிக்கவில்லை அண்ணா. ஷிப்ட் பஸ்களும் கன்டெய்னர்களும் உரசிக்கொண்டு போகின்றன. நான் நனைந்த கையை வெளியே நீட்டிப் படகின் விளிம்பைப் பிடித்தபடி வருகிறேன். பெரிய காற்று அடித்தால் என் கை என்ன செய்துவிடும்? ஆனாலும் விடவில்லை. சிக்னலில் ஒரு டிரைலர் டிரைவர் குனிந்து பார்த்து, "இன்னாம்மா, இப்பவே படகுல கெளம்பிட்டீங்க?" என்றார். ஒரு வேகத்தடையில் தலைக்குமேல் தடாலென்று சத்தம். போச்சு என்று கத்திவிட்டேன். உன் மச்சான் ஜன்னலில் பாதி உடம்பை நீட்டிப் பார்த்தார். படகுக்குள் செருகியிருந்த துடுப்பு உருண்டிருக்கிறது, அவ்வளவுதான். என் மஞ்சள் கோடு ஒன்றுகூட விலகவில்லை.

படகை உன் வாசலில் இறக்கிக் கட்டிவிட்டு வந்தோம். அந்த வாரமே தண்ணீர் வந்தது. நாங்கள் ஓடி வருவதற்குள் உன் தெருவில் இடுப்பளவு. அவிழ்த்துவிட்ட படகு, நீ போட்ட சரிவை ஒட்டி வந்து மிதந்து நின்றது. தீபா சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்தாள். உன் மச்சான் வழக்கம்போலத் தூக்கக் கை நீட்டினார்.

"தொடாதீங்க மாமா. நானே வர்றேன்."

சரிவோரம் நீ பதித்த கைப்பிடியைப் பிடித்து, உடம்பை நகர்த்தி, படகின் பலகையில் போய் உட்கார்ந்துகொண்டாள். "அப்பா தோள்ல எலும்பு குத்தும் அத்தை. இது தேவலை" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அண்ணியும் அழுதார், நானும்தான். மேட்டு ரோடு வரை உன் மச்சான் தள்ளிக்கொண்டு போனார். தீபா துடுப்புப் போட்டபடி வந்தாள்.

யாரும் அவளைத் தூக்கவில்லை, அண்ணா. நீ போனதிலிருந்து அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

படகு இனி உன் வாசலில்தான் இருக்கும். மழைக்கு முன்னால் ஒவ்வொரு வருஷமும் வந்து அதன் கயிற்றை இழுத்துப் பார்த்து மஞ்சள் கோடு வைப்பது என் பொறுப்பு. மறுபடி காரில் ஏற்ற வேண்டி வந்தால், சத்தியமாகக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் கட்டுவேன்.

ஜன்னல் வழியே ஏறி உன் வீடு வந்த தங்கச்சி,
மல்லிகா