பூஜ்யம் எண் நோயாளி

மார்ச் 4

அன்புள்ள ஆமைக்கு,

நீ விட்டுப்போன நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் இடப்பக்கமே சாய்கிறது. மருத்துவமனை வரிசைக்கு நீ எழுதிய புரோகிராமும் இப்போது என் தலையில்.

வரிவரியாகப் படிக்கிறேன். அழகுதான். ஓரிடம் மட்டும் இடிக்கிறது. பூஜ்யம் என்ற எண்ணில் யார் வந்தாலும் வரிசையில் முதலில் நிறுத்தச் சொல்கிறது. யாருடி அது? காரணம் ஒரு வார்த்தை இல்லை. போன வருடம் உன் மாமா அங்கேதானே வைத்தியம் பார்த்துக்கொண்டார்? சும்மா கேட்கிறேன்.

அன்புடன்,
அவசரக்குடுக்கை

*

மார்ச் 7

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

நீ சும்மா கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரே விடுதி அறையில் மூன்று வருடம் இருந்திருக்கிறோம்.

நினைவில்லாமல், பெயர் தெரியாமல் தூக்கி வரப்படுகிறவர்களுக்கு நர்சுகள் பூஜ்யம் போடுவார்கள். அவ்வளவுதான். அந்த வரியைத் தொடாதே. என் மாமா கால்கடுக்க நின்றார், வீட்டுக்கு வந்து என்னைத்தான் திட்டினார்.

ஒன்று கேட்க வேண்டும். நேற்று நம் மேலாளர் போனில் கூப்பிட்டு மாமாவின் பெயரைக் கேட்டார். எனக்கு மாமா இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

ஆமை

*

மார்ச் 9

ஆமை,

உன் கடிதம் வருவதற்குள் அந்த வரியை எடுத்துவிட்டேன்.

நேற்று சாலையில் அடிபட்ட ஒருவரைக் கொண்டுவந்தார்கள். திரையில் கடைசி ஆளாகப் போய் நின்றுவிட்டார். ஒரு நர்சு தற்செயலாகத் திரும்பிப் பார்த்துக் கத்தியிருக்கிறார். பிழைத்துக்கொண்டார்.

வரியைத் திரும்ப வைத்துவிட்டேன். மேலே காரணமும் எழுதியிருக்கிறேன். நீயும் அன்றே ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்டி. இனிமேல் புரியாத எதையும் நீக்கமாட்டேன். முதலில் கேட்பேன். சத்தியமாக.

கோபமில்லையே?

அன்புடன்,
அவசரக்குடுக்கை

*

மார்ச் 15

அந்த மனிதர் பிழைத்ததில் நிம்மதி.

எழுதாமல் விட்டது என் தப்புதான். பார்த்தாலே புரியும் என்று நினைத்தேன். புது வேலையில் ஒவ்வொரு முடிவுக்கும் மேலே காரணம் எழுதுகிறேன். பக்கத்து இருக்கைக்காரர் சிரிக்கிறார், "என்னங்க, வாக்குமூலமா?" என்று. பின்னால் வந்து படிப்பவள் என்னைத் தெரிந்தவளாக இருந்தால்கூடப் போதாது என்று இப்போது தெரியும்.

உன் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். எல்லாம் இருக்கிறது. மாமாவைப் பற்றி மேலாளருக்கு எப்படித் தெரியும் என்ற என் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

முதலில் கேட்பேன் என்கிறாய்.

யாரிடம்?