மன்னன் அழாத படம்

ஆவணி 4, வெள்ளி
காற்று கடுமை. பந்தற்கால் ஆடுகிறது. பதிகம் ஓதியாயிற்று. வாங்க வேண்டியவை: மஞ்சள், கற்பூரம், மகள் செல்லத்துக்கு வளையல். அவள் திருமணத்துக்கு இன்னும் ஒரு வாரம்.

மாலையில் பதுளை மைதானக் கூடாரத்தில் பயாஸ்கோப். நம் மேடைகளில் நெடுங்காலமாக ஆடப்படும் சோக நாடகமே படமாகியிருக்கிறது. இறந்த மகளை மன்னன் காணும் கட்டம். என் மனைவி பார்வதியின் தம்பி முத்தையா மேடையில் அந்த மன்னனாக விருத்தம் பாடினால் அவன் ஊரான லுணுகலையே அழும். பம்பாய்க்காரர் எடுத்த இப்படத்தில் மன்னன் மார்பில் அடித்துப் புரள்கிறான். வாய் அசைகிறது, ஓசையில்லை. பின்னாலிருந்து ஒரு குரல்: "ராசாவுக்குப் பல்லுவலி போல." சிரித்துவிட்டேன். சிவ சிவ.

ஆவணி 6, ஞாயிறு
அதே நாடகம், கல்கத்தாப் படம். அதே கட்டம். இம்மன்னன் அழவில்லை. மகளின் முகத்தில் விழுந்த கூந்தல் இழையை ஒரு விரலால் எடுத்துக் காதுக்குப் பின் ஒதுக்குகிறான். அவ்வளவே. கூடாரத்தில் இருமல்கூட இல்லை.

வீடு திரும்பினால் வாழைத்தாருடன் முத்தையா. நெஞ்சு நிறைந்திருந்தது, சொல்லிவிட்டேன்.

"மாப்ளே, நீ அரை மணி பாடுறத அவன் ஒரு விரலால சொல்லிட்டான்."

"அப்படியா மச்சான். அந்த ஊமை ராசாவையே கூப்பிட்டுப் பொண்ணுக்கு மாலை போடச் சொல்லுங்க."

உண்ணாமலே போய்விட்டான்.

ஆவணி 7, திங்கள்
பிற்பகலில் பார்வதி கேட்டாள்: "தாய்மாமன் மாலை போடாம எம்மக எப்படி மணவறைக்குப் போவா? படத்தப் பத்திச் சொல்ல வேற ஆளே கெடைக்கலையா?"

நான் சொன்னது பொய்யன்று. சொன்ன வேளைதான் பிழை.

ஆவணி 8, செவ்வாய்
வெற்றிலை பாக்குடன் லுணுகலை. புழுதி.

"வா மாப்ளே, அந்தப் படத்தப் பாத்துட்டு நீயே சொல்லு."

"ஊமைப்படம் பாத்தா எனக்குக் காது வலிக்கும்." முகம் திருப்பியபடியே, "செல்லத்துக்கு வாழ்த்து விருத்தம் ஒண்ணு கட்டி வச்சிருந்தேன்" என்றான்.

வருவதாகச் சொல்லவில்லை. தேநீரில் சர்க்கரை மிகுதி. அது அவன் மனைவியின் அன்பு.

ஆவணி 10, வியாழன்
கூடாரத்தைப் பிரித்து வண்டியேற்றினர். பண்டாரவளைக்காம். லுணுகலையிலிருந்து ஒருவரும் வரவில்லை. பார்வதி வாசலையே பார்த்திருந்தாள்.

ஆவணி 11, வெள்ளி
முகூர்த்த வேளை நெருங்க, வந்தான். மேடையில் கட்டும் அதே சரிகைத் தலைப்பாகை.

"உங்களுக்காக வரல மச்சான்."

"தெரியும். உள்ள வா."

செல்லத்துக்கு மாலையிட்டான். "விருத்தம் பாடுங்க" என்றனர் பெரியவர்கள். செருமினான். நாதசுரக்காரர் கருவியை இறக்கிக் காத்திருந்தார். குரல் வரவில்லை. மாலையில் சிக்கி அவள் நெற்றியில் ஓர் இழை விழுந்திருந்தது. ஒரு விரலால் அதை எடுத்துக் காதுக்குப் பின் ஒதுக்கினான். பிறகு நகர்ந்து தூணருகே நின்றுகொண்டான்.

மங்கல நாளில் இவ்வொப்புமை தகாது. ஆயினும் எழுதுகிறேன்: முத்தையா அந்தப் படத்தைப் பார்க்கவேயில்லை.