ஆலயத்தில் வாசித்த என் ஓய்வு

சித்தூர்,
புதன்கிழமை.

அன்புள்ள டைட்டஸுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் உடம்பு சுகம், அங்கே நீங்களும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். என்னைக் கேட்காமல் என் ஓய்வை நீ தீர்மானித்தாய், அதுதான் நீ செய்த தவறு. "என் தாயார் தபீதாள் மிக்ஸி ரிப்பேர் கடையை மூடி, மெல்பர்னில் எங்களோடு வந்து தங்கப்போவதற்காக" என்று எழுதி நம் சபைக்கு ஸ்தோத்திர காணிக்கை அனுப்பினாய். போதகர் அதை ஆராதனையில் மைக்கில் வாசித்தார். சபையாரோடு சேர்ந்து நானும் ஆமென் சொன்ன பிறகுதான் அந்தத் தாயார் நான் என்று உறைத்தது. கடையை விடுகிறேன் என்று சொன்னேன், ஊரை விடுகிறேன் என்று எப்போது சொன்னேன்?

மறுநாளே டீக்கடைப் பச்சையப்பன், "இன்னாக்கா, ஏரோப்ளேன் ஏறப் போறியாமே, என் மிக்ஸிய முடிச்சுக் குடுத்துட்டு ஏறு" என்று தெருவுக்கே கேட்கக் கத்துகிறான். சபையின் மாதர் ஐக்கியத்தில் நான் பார்க்கும் பொருளாளர் வேலைக்கு வேறு ஆளைப் பார்த்துவிட்டார்கள். வீட்டு புரோக்கர் வந்து வாசலை அளந்துவிட்டுப் போகிறான். உன் அக்கா ஷோபா திருப்பதியிலிருந்து போன் செய்து, "எனக்கு முன்னமே தெரியும்மா, நீ கத்துவேன்னுதான் சொல்லல" என்கிறாள். கத்தாமல் என்ன செய்வேன்? மழைக்காலத்தில் நான் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து உனக்குப் பயம், அது தெரியும். ஆனால் அங்கே நீங்கள் வேலைக்குப் போன பிறகு நான் யாரோடு பேசுவது? உன் நைனா போன பிறகு மோட்டார்களைப் பிரித்துப் பிரித்து நானே தொழில் கற்றேன், ஊரே என் வாசலுக்கு வந்தது. அங்கே என்னைத் தேடி யார் வருவார்கள்?

ஆனாலும் அந்த அறிவிப்பால் ஒரு நன்மை நடந்தது. அதைக் கேட்ட நர்ஸ் செல்வி, அவளும் ரிடையர் ஆகித் தனியாக இருப்பவள், ஓடி வந்து, "நீயும் பூட்டா நான் யாராண்ட சண்ட போடறது" என்று அழுதாள். எதிர்வீட்டு பஸ் டிரைவர் கிருஷ்ணப்பா, "பொண்டாட்டி போனதுலேந்து பன்னும் டீயும்தான் துன்னுகினு கீறேன்" என்றார். மூன்று வீட்டுக்கும் என் வீட்டிலேயே ஒரே சமையல் என்று அப்போதே பேசி, திங்கட்கிழமை தொடங்கியும் விட்டோம். என் சாம்பாரில் காரமே இல்லை என்கிறார் கிருஷ்ணப்பா, சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றிக்கொள்கிறார். செல்வி பிரஷர் பார்க்கிறாள். விடிந்த பிறகும் என் வாசல் விளக்கு எரிந்தால் கிருஷ்ணப்பா கதவைத் தட்டுவார், வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போக அவர் கார் இருக்கிறது. கடையை என்னிடம் வேலை பார்த்த உதயாவுக்கே வாடகைக்கு விடுகிறேன். அந்த வாடகையும் தபால் ஆபீஸ் வட்டியும் சாப்பாட்டுக்குப் போதும், வைத்தியத்துக்குத்தான் போதாது.

ஆகவே இனி நடக்கவேண்டியது இது. மருத்துவ இன்சூரன்ஸை வருஷாவருஷம் நீ கட்டு, அதை மட்டும் உன்னிடம் வாங்கிக்கொள்வேன். ஷோபா இந்த மாதமே வந்து பாங்கில் நாமினி பெயர்களைச் சரிசெய்ய வேண்டும், குளியலறையில் கைப்பிடி வைக்க ஆளையும் அவளே பிடிக்க வேண்டும். உதயா ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கக் கூடாது. கிறிஸ்துமஸ் கழித்து நான் ஒரு மாதம் உங்களிடம் வருவேன், திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே எடு. கர்த்தர் உன்னையும் உன் வீட்டாரையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. மறக்காமல் இன்னொரு ஸ்தோத்திர காணிக்கை அனுப்பு, "என் தாயார் ஓய்வு பெற்று சித்தூரிலேயே இருக்கப்போவதற்காக" என்று எழுது. போதகர் அதை அதே மைக்கில் வாசிக்க வேண்டும். இந்த முறை நான் தெரிந்தே ஆமென் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
தபீதாள் சத்தியநாதன்