டெஸ்ட் லேம்பில் எரியாத பல்பு

விஜி அப்பாவுக்கு,

என் தம்பியின் பதினாறாம் நாள் காரியத்துக்கு விஜியோடு எங்கள் ஊர் எப்போதும்வென்றானுக்குப் போகிறேன். நீங்கள் வர வேண்டாம். சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் அடுப்படியில் இருக்கின்றன. என்னுடைய சாவியை மீட்டர் பெட்டி மேல் வைத்துவிட்டேன். இனி அது எனக்குத் தேவைப்படாது.

அன்று தீப்பெட்டி ஆபீசில் உங்கள் இருவரோடும் வயரிங் வேலை பார்த்த காளிராஜ் அண்ணாச்சி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கரண்டு வருகிறதா என்று பார்க்க, மெயின் போர்டில் டெஸ்ட் லேம்பின் இரண்டு வயரையும் வைத்தீர்களாம். பல்பு எரியவில்லை என்றதும் தம்பியிடம், "கரண்டு இல்லடே மாப்ள, தைரியமா கை வை" என்றீர்களாம். அவனும் கை வைத்தான். அந்தப் பல்பே ஃபியூஸ் போனது. கரண்டு இருக்கிற பிளக்கில் முதலில் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்க வந்தவர்களிடம், "அவனுக்கு எதுலயும் அவசரம், நான் என்ன செய்ய?" என்றீர்கள். நானும் அதை நம்பி, செத்துக் கிடந்தவனைத் திட்டி அழுதேன்.

உங்கள் பையில் இருக்கும் இரண்டு டெஸ்ட் லேம்புகளில் ஒன்றின் வயரை உள்ளே அறுத்து, பழையபடி டேப் சுற்றி வைத்திருக்கிறேன். எது என்று சொல்ல மாட்டேன்.

சொர்ணத்தாய்

மோரை மூடி வையுங்கள், பூனை வரும்.

அடுப்படி பிளக்கில் கரண்டு இருக்கிறது. லேம்பை அதில் வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். ஒரு நிமிஷம்கூட ஆகாது. என் தம்பிக்கு நீங்கள் தராத நிமிஷம் அதுதான்.