விரல் இழுப்புக்குப் பட்டா

ஆனி 5, திங்கள்

காலையிலிருந்து காற்று. பாலக்காட்டுப் பக்கம் கருமேகம், இங்கே ஒரு சொட்டு இல்லை. கொடியில் போட்ட போர்வை பக்கத்து மாடிக்குப் போய்விட்டது. முழங்கால் தைலம் தீர்ந்தது.

பேத்தி சௌமியா சரியாகச் சாப்பிடுவதில்லை. இன்றுதான் மகன் வாயைத் திறந்தான். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அவளுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறதாம். தறிக்காரர்களுக்கு அவள் செய்து கொடுத்த ஆப்பில், ஆர்டர் வந்தால் விரலை இடமிருந்து வலமாக இழுத்துச் சம்மதம் சொல்லவேண்டும். அந்த இழுப்பு அவர்களுடையதாம். காப்புரிமை என்றான். பட்டா என்று சொல்லேன்டா என்றேன்.

விரலை இழுக்கப் பட்டா! வருகிற போனை எடுக்க நானே அப்படித்தான் இழுக்கிறேன். என்னையும் பிடிப்பானா?

"நம்ம நாட்டுல அது செல்லாதுங்கம்மா. ஆனா நம்ம ஆப்புல ஆர்டர் போடற ஏற்றுமதிக்காரரு துணி அங்கதான போகுது? அங்க இருக்கறவங்களும் இதே ஆப்பத்தான பாக்கறாங்க. அங்க வெச்சுப் புடிக்கறான்."

ஆனி 6, செவ்வாய்

கரண்ட் இல்லை. மாவு புளித்துவிட்டது.

வேறு மாதிரி வைத்தால் என்ன கண்ணு என்று சௌ.விடம் கேட்டேன். முதலில் பட்டன்தான் இருந்ததாம். கருமத்தம்பட்டித் தறிக்காரர் ஒருவர், வேர்த்த சட்டைப் பையில் போனைப் போட்டுக்கொண்டு தறி ஓட்டியிருக்கிறார். பட்டன் தானாக அமுங்கி, அவரிடம் இல்லாத நூலுக்கு ஆர்டரை ஒத்துக்கொண்டது. பெரிய சண்டை. அதற்குப் பிறகுதான் இழுப்பு.

அவள் சொன்னது:
இரண்டு விரலால் படத்தை விரிப்பது, அதற்கு ஒருத்தன் பட்டா.
தள்ளிக்கொண்டே போனால் கடைசி வரி முட்டித் துள்ளுவது, அதற்கும்.
போனை ஒரே தடவை தட்டிச் சாமான் வாங்குவது, அதற்கும் ஒருத்தன் வைத்திருந்தானாம்.

"மூக்கச் சொறியறதுக்காச்சும் பாக்கி உட்டிருக்கானுங்களா?"

சிரித்தாள். உடனே முகம் பழையபடி.

கம்பெனிக்காரர்கள் கையெழுத்துக் கேட்கிறார்கள். இழுப்பை எடுத்துவிடுகிறோம் என்று. அதுகூடப் போகட்டும். கூடவே ஒரு வரி: உங்களுடையது என்று தெரிந்தேதான் எடுத்துக்கொண்டோம். போடாவிட்டால் ஏற்றுமதிக்காரர் விலகிவிடுவார். அவர் போனால் ஆப்பை மூடவேண்டியதுதான். கூட இருக்கிற இரண்டு பெண்களுக்கும் வேலை போகும். மகன் போட்டுவிடு என்கிறான். சமாதானமாகப் போய்விடலாமாம்.

அந்தச் சமாதானம் எனக்குத் தெரியும். எல்லோரும் நடந்த வண்டித்தடத்துக்குக் கொழுந்தனார் வேலி போட்டுத் தன்னுடையது என்றார். எங்கள் வீட்டுக்காரர் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டார். காகிதம் கொண்டு வந்தவனை வாங்க என்று கூப்பிட்டு மோர் கொடுத்தவள் நான். அப்புறம் சுற்றிச் சுற்றிப் போய் எருக்கூடை சுமந்தவளும் நான். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் இன்னும் விடவில்லை.

ஆனி 7, புதன்

ஏற்றுமதிக்காரரின் மேனேஜர் வேலுச்சாமி வந்தார். கையில் உறை. நான் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சௌ. குளியலறையில். மகன் மாடியில்.

"ஏனுங்க ஆத்தா, நல்லாருக்கீங்களா?"

கீரையைப் பார்த்தேன்.

"அம்மிணி இருக்குதுங்களா?"

"இருக்குது."

அதோடு சரி. வாங்க என்று சொல்லவில்லை. நாக்கு வரை வந்தது, உள்ளே இழுத்துக்கொண்டேன். பகையாளி வந்து நின்றாலும் எங்கள் பக்கம் வாங்க சொல்லாமல் இருக்கமாட்டார்கள். சொல்லாத வீட்டுக்குள் எவனும் கால் வைக்கமாட்டான். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தானே. கழற்றின ஒரு செருப்பைத் திரும்ப மாட்டினார்.

"பரவால்லீங்க. வாரேனுங்க."

வண்டி கிளம்பிப் போனது. நெஞ்சு குளிர்ந்தது.

சௌ. ஈரத் தலையோடு ஓடி வந்தாள். "என்ன அப்பத்தா செஞ்சுபோட்டீங்க! அந்த ஒரு வரிய எடுக்கச் சொல்லி, நம்ம ஊட்டுல உக்காந்து அந்தக் கம்பெனி வக்கீல்கிட்டப் போன்ல பேசித் தாரேன்னு வந்தாருங்க அவரு. எவ்வளவு கெஞ்சிக் கூப்புட்டேன்!"

"என்றகிட்டச் சொன்னியா?"

"சொன்னா நீங்க உட்டிருப்பீங்களா?"

மகன் படியிலிருந்தே, "வாசல்ல யாரு வந்து நின்னாலும் அம்மாவுக்குச் சித்தப்பன் மூஞ்சிதான் தெரியும்."

இரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கீரை மீந்துவிட்டது.

ஆனி 8, வியாழன்

ஏற்றுமதிக்காரரின் அவினாசி ரோட்டு ஆபீசுக்குச் சௌ. தனியாகப் போனாள். வேலுச்சாமி எழுந்தே வரவில்லையாம். முதலாளி காகிதத்தை அப்படியே நீட்டினாராம். அந்த வரியோடு போட்டுவிட்டு வந்துவிட்டாள். மகன் சொல்லித்தான் தெரியும். என்னிடம் பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

என்மேல் தப்பு என்று எழுதமாட்டேன். நல்லது பேச வந்தேன் என்று அவர் நெற்றியிலா எழுதியிருந்தது?

காற்று நிற்கவில்லை. பின்கதவு அடித்துக்கொண்டே இருக்கிறது. எழுந்து சாத்தவும் தோன்றவில்லை.

ஆனி 9, வெள்ளி

தைலம் வாங்கி வந்திருக்கிறாள். கையில் தரவில்லை. மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். என் புத்தி அப்படியே இவளுக்கு.

மத்தியானம் போனை நீட்டினாள். புதன்கிழமைக்குப் பிறகு முதல் பேச்சு.

"புதுசா மாத்தியிருக்கறேன். கீழ ஒரு நம்பர் வரும், அதப் பாத்து அடிக்கோணும். வயசானவங்களுக்கு வருதான்னு பாக்கோணும்."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். ஆர்டர் வந்தது. விரல் தானாக இழுத்தது. ஒன்றும் நகரவில்லை. இன்னொரு தடவை இழுத்தேன்.

"இழுக்காதீங்க அப்பத்தா. அது அவங்களதுன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கறேன்."