அது வேற சபரி

புதன்சந்தை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் சபரிநாதனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இங்கே கை கால் சுகத்தோடு இருக்கிறோம், அந்த நியூசிலாந்துக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்குகிற நேரத்தில் தூங்கி, நோய் நொடி அண்டாமல் இருக்க முனியப்பனை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று சிரிப்பாய். போனில் சொன்னால் நீ சரிம்மா சரிம்மா என்று பாதியில் வைத்துவிடுவாய், எனக்கும் அழுகை வந்து பேச்சு நின்றுவிடும், அதனால்தான் எழுதுகிறேன். அப்பா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவார், வரிசையை மாற்றித்தான் அனுப்புவார், நீ சரி பண்ணிப் படித்துக்கொள். முட்டை விலை இப்போது பரவாயில்லை. இரண்டாவது ஷெட்டில் கோழி மாற்ற வேண்டும், இன்னும் ஒரு மாதம் போகட்டும் என்கிறார் அப்பா, அவருக்கு எல்லாமே இன்னும் ஒரு மாதம்தான், முழங்கால் வைத்தியம் உட்பட. உன் அக்கா கிருத்திகா வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள், ஏன் வந்தாள் என்பதைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் உன்னை விடாமல் கூப்பிட்டேனே, நீ ராத்திரி ஷிப்டு இடைவேளையில் லாக்கரைத் திறந்து போனைப் பார்த்து, என்னம்மா இத்தனை மிஸ்டு கால் என்று பயந்துபோய்க் கேட்டாயே, சும்மாதான் சாமி, குரலைக் கேக்கோணும்னு இருந்துச்சு என்று சொல்லி வைத்துவிட்டேன். அது சும்மா இல்லை. அன்றைக்கு மதியத்திலிருந்து நீ கூப்பிடுகிற வரைக்கும் இந்த ஊரில் நீ செத்துப்போயிருந்தாய்.

உங்கள் பள்ளிக்கூடத்து முன்னாள் மாணவர் வாட்ஸப் குரூப்பை நடத்துகிறானே வளவன், பஸ் ஸ்டாப் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறவன், அவனை யாரோ ஒரு டிரைவர் கூப்பிட்டிருக்கிறான், சத்தீஸ்கரிலிருந்து என்பது பிறகுதான் தெரிந்தது. உங்க கூடப் படிச்ச சபரிநாதன், வெளியூர்ல வேலை செய்யறவரு, தவறிட்டாருங்க, அவிய ஊட்டுல சொல்லிருங்க என்ற வரைக்கும்தான் கேட்டதாம், லைன் கட்டாகிவிட்டதாம், திருப்பி அடித்தால் போகவில்லையாம். வீட்டில் சொல்லச் சொன்ன சேதியை அவன் முதலில் குரூப்பில் போட்டான். அந்தக் குரூப்பில் இருக்கிற சபரிநாதன் நீ ஒருத்தன்தான். உன் படத்தை எடுத்து, மாலை போட்டு, கண்ணீர் அஞ்சலி என்று எழுதி அனுப்ப, கொஞ்ச நேரத்தில் ஊரில் பாதிப் பேர் ஸ்டேட்டஸில் நீதான். நான் ஷெட்டில் முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டைத் திறந்து வந்தார்கள். யார் வீட்டில் என்ன ஆச்சு என்று நான் அவர்களைக் கேட்கிறேன். அப்பா தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

முதலில் ஓடி வந்து என்னைத் தாங்கியவள் பழனியம்மாள்தான். நம் பண்ணைக்கு முட்டை எடுக்க வருகிறவள், உன்னோடு பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு அம்மா. நீ கந்தப்பன் மகன், அவன் அருணகிரி மகன், இரண்டு பேருக்கும் ஒரே பேர் என்று இனிஷியலைச் சேர்த்து உன்னைக் கானா சபரி என்றும் அவனை ஆனா சபரி என்றும் வாத்தியார் கூப்பிட்டது மறந்திருக்க மாட்டாய். அவள் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, என்ற பையன் வேற உங்க பையன் வேறயாங்க்கா, ஒண்ணாத் திரிஞ்சதுகதானுங்களே என்று எனக்கு மேலே அழுதாள். தண்ணீரைப் புகட்டினாள். உன்னைத் திரும்பத் திரும்பக் கூப்பிடச் சொன்னவளும் அவள்தான், எனக்கு அந்த நம்பிக்கைகூட இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு நீ பேசினாய். அம்மா என்றாயே, அது கூடியிருந்த எல்லாருக்கும் கேட்டது. பழனியம்மாள் தலைக்கு மேலே கையைக் கூப்பி, முனியப்பனுக்குக் கிடா வெட்டோணுங்க என்று அழுகையும் சிரிப்புமாகக் குதித்தாள். நீ போனை வைத்ததும் ஆளாளுக்கு வளவனைத் திட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள்தான் கேட்டாள், அப்பத் தவறுனது எந்தச் சபரிங்க என்று. எல்லாரும் அவளையே பார்த்தோம். அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்து மகனுக்கு அடித்தாள், மணி போனது, எடுத்தது வேறு யாரோ.

ஆனா சபரிக்குச் சத்தீஸ்கரில் ரிக் வண்டியில் போர்வெல் போடுகிற வேலை, வண்டி மேல் இருக்கிற மாஸ்ட்டு என்கிற இரும்புக் கோபுரத்தைத் தூக்கும்போது மேலே போன கரண்டுக் கம்பியில் பட்டுவிட்டதாம். பெற்றவளிடம் நேரே சொல்ல மனசு வராமல்தான் அந்த டிரைவர் வளவனைக் கூப்பிட்டிருக்கிறான், ஆனா சபரி வளவன் கடையில்தான் ரீசார்ஜ் பண்ணுவானாம், அதனால் அந்த நம்பர் கிடைத்ததாம். ஆம்புலன்சில் கொண்டுவந்தார்கள், முகத்தைத் திறந்து காட்டவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே வளவன் உன் படத்தை எடுத்துவிட்டு, மன்னிக்கவும் நண்பர்களே, நம்ம சபரி நல்லா இருக்கான், அது வேற சபரி என்று போட்டான். அதற்குக் கீழே அப்பாடா என்றும் நூறு ஆயுசுடா மச்சான் என்றும் எழுதி, சிரிக்கிற பொம்மைகளையும் வரிசையாகப் போட்டிருந்தார்கள். கிருத்திகாதான் வாசித்துக் காட்டினாள். எனக்கும் நிம்மதிதான் சாமி, இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் ஆனா சபரிக்கு அங்கே ஒரு வரி இல்லை. சாவு வீட்டுக்கும் உங்கள் கூட்டத்தில் ஒருவன்கூட வரவில்லை. பள்ளிக்கூடத்துப் புள்ளைக யாரும் வர்லீங்களாக்கா என்று பழனியம்மாள் கேட்கிறாள், வருவாங்க என்று சொல்லிவிட்டு நேரே வளவன் கடைக்குப் போனேன். அம்மா, அவன் பத்தோட நின்னுட்டானுங்களே, நம்ம குரூப்பு பன்னண்டாவது பேட்ச்சுக்கு மட்டும்தானுங்க என்கிறான். மரியாதையாகத்தான் சொன்னான், அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. தை மாதம் நடக்கிற சந்திப்பில், இறந்துபோன நண்பர்களின் படத்தை வைத்து விளக்கேற்றப் போகிறார்களாம், அதிலும் இவன் படம் வராதாம். அருணகிரி படுக்கையில் விழுந்ததால் படிப்பை விட்டவன் அவன், செத்த பெறகும் பாஸ் பண்ணுனாத்தான் அழுவீங்களாப்பா என்று கடையில் ஆள் இருக்கும்போதே கேட்டுவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு யாருடைய போனையோ துடைக்க ஆரம்பித்தான்.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். நீ செத்துவிட்டாய் என்றதும் அத்தனை பேரும் நம்பினார்கள், பூ போட்டார்கள், வேலையைப் பார்க்கப் போனார்கள். நம்பர் இருக்கிறதே, ஒரு தடவை கூப்பிட்டுப் பார்ப்போம் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும், நீ எந்தக் காலத்தில் அவர்களோடு பேசினாய், ஒரு வாரம் ஆகியும் உனக்கே தெரியாத அளவுக்கு அந்தக் குரூப்பைச் சத்தம் இல்லாமல் மூடி வைத்திருக்கிறாய். அவ்வளவு தூரத்தில் தனியாக இருக்கிறவனுக்கு, இவன் அப்படிப் போகிற ஆள் இல்லையே என்று சந்தேகப்படவாவது நான்கு பேர் வேண்டாமா. இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

நீ ஒன்று செய். அந்தக் குரூப்பைத் திறந்து, ஆனா சபரி யார் என்று நீயே எழுது. கபடியில் உன் கால் பிசகினபோது உன்னைச் சைக்கிளில் வைத்து மாதக்கணக்கில் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனது அவன்தான் என்று எழுது. அடுத்த வாரம் கருமாதி, பக்கத்தில் இருக்கிறவர்கள் ஒரு எட்டு வந்துவிட்டுப் போகச் சொல். நம்ம சபரி நம்ம சபரி என்கிறார்களே, அந்தச் சபரி கேட்டால் தட்ட மாட்டார்கள். வருவார்கள் என்று நான் பழனியம்மாளிடம் வாய் விட்டுச் சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், வெறும் வயிற்றோடு ஷிப்டுக்குப் போகாதே, எங்கே இருந்தாலும் முனியப்பன் உனக்கு முன்னும் பின்னும் காவல் இருப்பான். பழனியம்மாளுக்கும் நீ ஒரு தடவை போன் செய்ய வேண்டும், நம்பரை அப்பா அனுப்புவார். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அவள் எடுத்ததும், அம்மா, நான் சபரி பேசறேன் என்று ஆரம்பித்துவிடாதே சாமி. கந்தப்பன் மகன் பேசறேன் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
சென்னியம்மாள்