ஆகஸ்டு மாதச் சோதனை

ரக்பி ஆடி ஆடிக் காது வீங்கிப்போன என் காலிஃப்ளவர்க் காதனுக்கு,

ஆகஸ்டில் கிளப் டாக்டர் வைத்த ஞாபகச் சோதனையில் வேண்டுமென்றே தப்பாகப் பதில் சொன்னதாகப் பெருமையடித்தாய். “அப்பதாம்மா, நாளைக்குத் தலையில அடிபட்டாலும் மார்க் குறைஞ்சது தெரியாது, ஆட விடுவாங்க.” என் வயிற்றில் இப்படியொரு கில்லாடியா என்று நானும் சிரித்தேன்.

சனிக்கிழமை ஆட்டத்தில் தலை மோதி விழுந்தாய். அதே சோதனையில் தேறி மறுபடி மைதானத்தில் இறங்கினாய். ஞாயிறு மதியம் சாப்பிட வந்தவன், “நாய் எங்கம்மா, காணோம்?” என்றாய்.

“உன் பங்கு கறியத் தூக்கிட்டு ஓடிருச்சுடா” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். போன வருஷம் தோட்டத்தில் குழி வெட்டி அதைப் புதைத்தவனே நீதான்.

இன்று காலை டாக்டருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இங்கிலாந்து அணி உன்னைக் கூப்பிட்டிருக்கும் வாரம் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

என்மேல் நன்றாகக் கோபப்படு. அடுத்த வாரமும் அந்தக் கோபம் உனக்கு ஞாபகம் இருந்தால், எனக்கு அது போதும்.

உன் அம்மா